சாவி யாரிடம் இருக்கிறது?

கல்லூரி முதல்வர்கள், உடற்கல்வி இயக்குநர்கள், விடுதிக் காப்பாளர்கள், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் என வளாகத்தில் முகாம் நடத்துகிற பலரும், அந்த முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். கோடை பிறந்தால் நம் பல்கலைக்கழக வளாகங்களுக்கு வயது குறைந்துவிடுகிறது. பட்டப்படிப்பு மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். அவர்கள் காலி செய்த மைதானத்துக்கும் விடுதிக்கும் 10 வயதும் 15 வயதுமான பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். கைப்பந்து, தடகளம், நீச்சல், சதுரங்கம், ரோபோ செய்யும் பயிற்சி என்று வகை வகையாக முகாம்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் திட்டத்தில் 5 நாள் அறிவியல் முகாம். ஒரு சிற்றூர்ப் பிள்ளை பல்கலைக்கழக ஆய்வகத்தையோ செயற்கை ஓடுதளத்தையோ முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். அந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எனவே முகாம்களுக்கு எதிராகப் பேச வரவில்லை. முகாம் நடத்தும்போது நாம் எந்த ஆபத்துக்குக் காவல் போடுகிறோம், எதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முகாம் பாதுகாப்பு என்றவுடன் நாம் செய்வது எல்லோருக்கும் தெரியும். வாயிலில் கூடுதலாக ஒரு வாட்ச்மேன், வருகைப் பதிவேடு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, மூலைக்கு மூலை கேமரா. இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் அந்நியனைத் தடுப்பதற்கானவை. தேவைதான். ஆனால் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பற்றிக் கிடைக்கிற எந்தக் கணக்கும் அந்நியனை முதலிடத்தில் காட்டுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வன்புணர்வுப் பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வும், தீங்கு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அது நம்பியிருக்கும் பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள் என்றது. பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை என்றும் பதிவு செய்தது. என் வாதம் இங்கிருந்து தொடங்குகிறது. வளாக முகாமில் ஆபத்து சுவரேறிக் குதித்து வருவது அபூர்வம். அழைப்பிதழில் பெயர் போட்டு, பொன்னாடை போர்த்தி, கையில் சாவியும் கொடுத்து நாமே உள்ளே அழைத்து வந்தவரிடமிருந்துதான் அது பெரும்பாலும் வருகிறது. ஆகவே ஆளை எடைபோட்டு நம்புவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு குழந்தையோடு மறைவில் தனித்திருக்க முடியாதபடி செய்ய வேண்டும். அவர்மீது புகார் வந்தால் அது அவருடைய நண்பர்கள் கையில் போய்ச் சேராதபடியும் செய்ய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத முகாமில் நூறு கேமரா இருந்தும் பயனில்லை.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து என்றால் நாம் ஆடும் கால்பந்தை நினைக்க வேண்டாம். தலைக்கவசம் போட்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. அந்த ஊருக்கு அது கோயில் திருவிழா மாதிரி. 1966 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டெர்னோவுக்கு வளாகத்தில் பல்கலைக்கழகத் தலைவரைவிடச் செல்வாக்கு அதிகம் என்று பலரும் சொல்வதுண்டு. அவருக்குக் கீழே 1969 முதல் 1999 வரை உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. 1977இல் நலிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 'செகண்ட் மைல்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆறு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர். ஊரில் இவரைப் பற்றி விசாரித்திருந்தால் பிள்ளைகளிடம் அப்படியொரு பிரியம் உள்ளவர் என்றுதான் பதில் வந்திருக்கும். 1998இல் ஒரு தாய் புகார் கொடுத்தார். தன் 11 வயது மகனை இவர் விளையாட்டுக் கட்டடத்துக்கு அழைத்துப்போய் அவனோடு சேர்ந்து குளித்தார் என்பது புகார். பல்கலைக்கழகக் காவல்துறை விசாரித்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 1999இல் அவர் ஓய்வு பெற்றபோது வளாகம் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் தகுதியும், ஒரு அலுவலக அறையும், விளையாட்டுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையும் கொடுத்து அனுப்பியது. அதாவது, பதவிதான் போயிற்று, சாவி போகவில்லை.

2000ஆம் ஆண்டு அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு கண்டார். கண்டதைச் சக பணியாளர்களிடம் நடுங்கிக்கொண்டே சொன்னார். மேலே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். 2001 பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பயிற்சிக் குழுவில் இருந்த பட்டதாரி உதவியாளர் ஒருவர் அதே குளியலறையில் இன்னொரு சிறுவனோடு அவரைப் பார்த்தார். மறுநாள் காலையில் பட்டெர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டெர்னோ விளையாட்டுத் துறை இயக்குநரிடம் சொன்னார். விளையாட்டுத் துறை இயக்குநர், துணைத் தலைவர் ஒருவர், பல்கலைக்கழகத் தலைவர் கிரகாம் ஸ்பேனியர் ஆகிய மூவரும் கலந்து பேசினார்கள். குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பது என்று முதலில் யோசித்தவர்கள் பிறகு மனம் மாறி, சாண்டஸ்கியிடமே பேசுவது, தொண்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது, இனிப் பிள்ளைகளை வளாகத்துக்கு அழைத்து வரக்கூடாது என்று கேட்டுக்கொள்வது என்று முடித்துக்கொண்டார்கள். அந்தச் சிறுவன் யார் என்று ஒருவரும் தேடவில்லை. இதற்கிடையில் சாண்டஸ்கி பல்கலைக்கழகத்தின் கிளை வளாகமான பெஹ்ரெண்டில், பிள்ளைகள் இரவு தங்கும் கால்பந்து முகாம்களை நடத்திக்கொண்டிருந்தார். 2011 நவம்பரில்தான் கைதானார். 2012 ஜூனில் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 30 முதல் 60 ஆண்டு சிறை. பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல். ஸ்பேனியர் 2017இல் குழந்தையின் நலனை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். மற்ற இருவரும் அதே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். முன்னாள் எஃப்பிஐ இயக்குநர் லூயிஸ் ஃப்ரீ 2012 ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையின் சில முடிவுகளை, முக்கியமாகப் பட்டெர்னோ வேண்டுமென்றே மறைத்தார் என்பதை, அவர் குடும்பத்தார் கடுமையாக மறுத்தார்கள். அந்தச் சர்ச்சைக்குள் நாம் போக வேண்டியதில்லை. யார் உள்நோக்கத்தோடு மறைத்தார், யார் தர்மசங்கடத்தில் மறைத்தார் என்று பிரித்துப் பார்க்காமலே நமக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது.

இந்த வரலாற்றில் தெரியாமல் போனது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தாய்க்குத் தெரிந்தது, துப்புரவுப் பணியாளர்களுக்குத் தெரிந்தது, இளம் உதவியாளருக்குத் தெரிந்தது. தகவல் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. ஏற ஏற மெலிந்தது. கீழே கண்ணால் கண்ட குற்றமாக இருந்தது மேலே போனபோது அணியின் பெயருக்கு நேர்ந்த சங்கடம் ஆகிவிட்டது. அன்றைய பென்சில்வேனியச் சட்டமே இதற்கு இடம் கொடுத்திருந்தது. நிறுவனத்தில் வேலை செய்பவர் தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது. அரசுக்குத் தெரிவிப்பது மேலதிகாரியின் பாடு. இந்த வழக்குக்குப் பிறகு அம்மாநிலம் சட்டங்களை மாற்றியது. 2014 டிசம்பர் 31 முதல், சந்தேகம் எழுந்தவர் தானே நேராக மாநிலக் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மேலதிகாரியிடம் சொல்வது அதற்குப் பிறகு. அந்த ஒரு வழக்கிலிருந்து பிறந்த சீர்திருத்தங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வளாகம் ஒரு படிநிலை அமைப்பு. மரியாதை கீழிருந்து மேலே போகிற அதே வழியில் புகாரையும் அனுப்பினால், போகிற வழியில் மரியாதை அதைத் தின்றுவிடும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஆட்களை ஒழுங்காகச் சோதித்துச் சேர்த்தால் போதாதா என்பது. போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், விளையாட்டுப் பயிற்சிக் கூடங்கள் உட்படக் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஆனால் சரிபார்ப்பு காட்டுவது ஏற்கெனவே பிடிபட்டவரை மட்டும்தான். சாண்டஸ்கிமேல் பழைய தண்டனை எதுவும் இல்லை. தத்தெடுப்பவர்களுக்கு நடக்கும் விசாரணைகளில்கூட அவர் திரும்பத் திரும்பத் தேறியவர். அதோடு, பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று பாருங்கள். நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை ஐந்து ஆண்டு விசாரித்து 2017 டிசம்பரில் அறிக்கை தந்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், தன்னிடம் பேசியவர்கள் நடந்ததை முதன்முதலாக வெளியே சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆயின என்று கணக்கிட்டது. இன்று குற்றம் செய்கிறவரின் பதிவேடு இன்னும் இருபது ஆண்டுகளுக்குச் சுத்தமாகவே இருக்கலாம் என்று இதற்குப் பொருள். சான்றிதழை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன்.

இன்னொரு உண்மையையும் சோதனைச் சான்றிதழ் தொடுவதில்லை. அமெரிக்க நீதித் துறை 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில் டேவிட் ஃபின்கெல்ஹாரும் அவருடைய சகாக்களும், சிறாருக்கு எதிராகப் பாலியல் குற்றம் செய்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் 35.6 சதவீதத்தினர் தாங்களே 18 வயது நிரம்பாதவர்கள் என்று காட்டினார்கள். முகாமில் 16 வயது மூத்த மாணவனை 11 வயதுச் சிறுவர்களுக்கு 'லீடர்' ஆக்கி, இரவு ஒரே அறையில் படுக்க வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. காப்பாளருக்கு அது சௌகரியம். ஆனால் வயது வாரியாக அறை பிரிப்பதும், குளியலறைக்கு வயது வாரியாக நேரம் ஒதுக்குவதும், அந்த நேரங்களில் பெரியவர் ஒருவர் வெளித் தாழ்வாரத்தில் குரல் கேட்கும் தூரத்தில் நிற்பதும் சிறிய வேலைகள் அல்ல. கல்லூரி விடுதிகள் 20 வயது இளைஞர்களுக்காகக் கட்டப்பட்டவை. பொதுக் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கழன்றிருந்தால் பட்டப்படிப்பு மாணவன் வாளியை முட்டுக் கொடுத்துச் சமாளித்துக்கொள்வான். 10 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? முகாம் தொடங்குவதற்கு முன் விடுதியை ஒரு முறை அந்தப் பிள்ளையின் உயரத்திலிருந்து நடந்து பார்க்க வேண்டும். தாழ்ப்பாள், தாழ்வார விளக்கு, மொட்டைமாடிக் கதவு, பூட்டாத காலி அறைகள், விடுமுறையிலும் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர்கள், வெள்ளையடிக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மாஸ்டர் சாவி. அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டால் பல விடுதிகளில் சட்டென்று பதில் வராது.

இரண்டாவது மறுப்பை மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள அன்பைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் கல்வி எங்கே இருக்கும் என்று கேட்கிறார்கள். தோற்ற பிள்ளையின் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லக்கூடப் பயிற்சியாளர் தயங்கும் காலம் வந்துவிடாதா? தோளில் கை வைக்கட்டும். எல்லோரும் பார்க்கிற மைதானத்தில் வைக்கட்டும். ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டிய தேவையும் வரத்தான் செய்யும். வீட்டு நினைவில் அழும் பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் விசாரிக்க முடியாது. அப்போது மற்றவர்கள் காதுக்கு எட்டாமல், ஆனால் கண்ணுக்கு எட்டும்படி, மைதானத்து மர நிழலிலோ கதவு திறந்த அறையிலோ பேசலாம். பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பக்கூடாது. பெற்றோரும் இருக்கிற குழுவில் அனுப்பலாம். தன் வண்டியில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றிப் போகக்கூடாது. இவற்றில் எது அன்பைக் கெடுக்கிறது? நேர்மையான பயிற்சியாளருக்கு இந்த விதிகள் கவசம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரையும் தனியாகச் சந்தேகித்ததாக ஆகாது. மாறாக, 'அவர் மூத்தவர், அவருக்கு மட்டும் விதி வேண்டாம்' என்று தொடங்குகிற இடத்தில்தான் உண்மையில் ஆட்களைத் தரம் பிரிக்கிறோம்.

பிள்ளையோடு ஒருவர் தனித்திராமல் இரண்டு பெரியவர்கள் இருந்தால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் லாரி நாசர், ஜிம்னாஸ்டிக் பயிலும் சிறுமிகளைச் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சீரழித்தார். அதில் சில சமயம் சிறுமியின் தாயோ தந்தையோ அதே அறையில் இருந்தார்கள். அவர்கள் பார்வைக்குக் குறுக்கே அவர் நின்றுகொள்வார். 1997இலேயே வளாகத்து இளையோர் ஜிம்னாஸ்டிக் பயிற்சியில் இருந்த சிறுமி ஒருவர் இதைப் பயிற்சியாளரிடம் சொன்னதாகப் பின்னர் வெளிப்படையாகவே தெரிவித்தார். பல்கலைக்கழகம் 2018இல் 332 பேருக்காக 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அறையில் இரண்டாவது ஆள் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அந்த ஆளுக்கு நடப்பது கண்ணில் பட வேண்டும், 'இது எதற்கு டாக்டர்?' என்று கேட்கும் துணிச்சலும் இருக்க வேண்டும். பெரிய மருத்துவர், பெரிய கோச் என்றால் நாம் கேள்வி கேட்பதில்லை. அந்த மரியாதைப் பழக்கம் இங்கே அமெரிக்காவைவிட ஆழமானது.

நம் ஊருக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்சிசி எனப்படும் தேசிய மாணவர் படையின் முகாம் என்று சொல்லி மாணவிகளைச் சில நாள் அங்கேயே தங்கவைத்தார்கள். அதில் 13 வயது மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானது. வேறு மாணவிகளும் புகார் சொன்னார்கள். முகாம் நடத்தியவர்களுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்சிசி அறிவித்தது. விஷயம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். வேறு பள்ளிகளிலும் அதே ஆட்கள் முகாம் நடத்தியிருந்தது பிறகு தெரியவந்தது. சீருடையும் விசிலும் பார்த்து வாசலைத் திறந்தார்கள். உரிய அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். பல்கலைக்கழகங்களுக்கு இது நேரடியான பாடம். ஏனென்றால் கோடையில் நம் வளாக முகாம்களில் கணிசமானவை வளாகம் நடத்துபவை அல்ல. மைதானத்தையும் விடுதியையும் வாடகைக்கு எடுத்த தனியார் அகாடமிகள் நடத்துபவை. 'நாங்கள் இடம் மட்டும்தான் கொடுத்தோம்' என்பது சட்டத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். பெற்றோரைப் பொறுத்தவரை, பிள்ளையை அனுப்பியது பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பித்தான். வாசல் வளைவில் இருக்கும் பெயர் அதுதானே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2011இல் கொண்டுவந்த சட்டம் இந்த ஓட்டையை நேராகவே அடைத்தது. வளாகத்தில் நடப்பது யாருடைய முகாமாக இருந்தாலும், 20 சிறார் 4 நாள் கலந்துகொண்டால், அவர்களோடு பழகும் பணியாளர்கள் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சாண்டஸ்கி கைதாவதற்குச் சில மாதம் முன்பே இயற்றப்பட்ட சட்டம் அது.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பென்சில்வேனியா தட்டுத் தடுமாறி 2014இல் வந்து சேர்ந்த இடத்தில் நாம் முன்பே நின்றிருக்கிறோம். தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரையும், தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. விடுதிச் சிறுமிகள் தொடர்பான மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், தகவல் தெரிவிக்கத் தவறிய மருத்துவர்மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் அந்த ரத்தை நீக்கியது. இத்தனை இருந்தும் நடைமுறை என்ன? புகார் வந்தால் முதலில் துறைத் தலைவர், அடுத்து முதல்வர், பிறகு மூவர் குழு, குழுவின் அறிக்கை, அதன்மேல் 'உரிய நடவடிக்கை'. வளாகம் தானே விசாரித்து உண்மை தெரிந்த பிறகு போலீஸுக்குப் போகலாம் என்கிற நினைப்பு நல்லெண்ணத்தில் பிறப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதற்குள் குழந்தையை ஐந்து பேர் ஐந்து முறை கேள்வி கேட்டிருப்பார்கள், சாட்சியம் கலைந்திருக்கும், பெற்றோரிடம் 'பெண் பிள்ளை விஷயம்' என்று ஒருவர் பேசி முடித்திருப்பார்.

பொய்ப் புகார் வந்தால் ஒரு நல்லவரின் வாழ்க்கை பாழாகாதா என்ற மூன்றாவது மறுப்பு இங்கேதான் எழும். இந்தப் பயம் வெறும் சாக்கு இல்லை. ஆனால் தகவல் தெரிவிப்பது தீர்ப்பு சொல்வதாகாது. நல்லெண்ணத்தில் தெரிவித்தவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது; வேண்டுமென்றே பொய் சொன்ன பெரியவருக்கு 22ஆவது பிரிவில் தண்டனையும் வைத்திருக்கிறது. உண்மை எது என்று கண்டுபிடிக்கும் திறமை வளாகக் குழுவுக்கு இல்லை, காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயம். தவிரவும், நான் முன்பு சொன்ன ஏற்பாடுகள் இருக்கிற முகாமில் பொய்ப் புகாருக்கு இடமே குறைவு. யாரோடும் மறைவில் தனித்திராத பயிற்சியாளர்மேல் எதைச் சொல்ல முடியும்?

பாலியல் குற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் உடலுக்கு நேரும் மற்ற ஆபத்துகளிலும் இதே அதிகாரச் சிக்கல்தான். நம் முகாம்கள் நடப்பது ஏப்ரல், மே வெயிலில். கடும் பயிற்சியில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பிள்ளை தடுமாறி உளறத் தொடங்கினால் அது வெப்ப வாதம். குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்து வரை உடனே அமிழ்த்த வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகு ஆஸ்பத்திரி என்பது விளையாட்டு மருத்துவத்தின் இன்றைய விதி. அரை மணிக்குள் உடல் குளிர்ந்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ நிச்சயம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தால் அந்த அரை மணி கடந்துவிடும். 2018 மே 29 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மைதானத்தில் திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியில் சரிந்த 19 வயது ஜோர்டன் மெக்நேருக்கு இந்தக் குளிர்நீர்ச் சிகிச்சை கொடுக்கப்படவில்லை. 15 நாள் கழித்து இறந்தார். பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாகப் பொறுப்பேற்றார். அந்த வளாகத்தில் மருத்துவ அறிவுக்கு என்ன குறை? நம் முகாமில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், நாலு பார் ஐஸ். மொத்தச் செலவு ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை விடக் குறைவு. கடினமானது, 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான். பயிற்சி கொடுப்பவருக்கே அந்த அதிகாரம் இருந்தால், இன்னும் ஒரு ரவுண்டு என்ற ஆசை குறுக்கே வரும். பயிற்சியாளரின் கீழ் வேலை செய்யாத ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் சொன்னால் தலைமைப் பயிற்சியாளரும் விசிலைக் கீழே வைக்க வேண்டும். நீச்சல் குளத்திலும் அப்படித்தான். கற்றுக்கொடுப்பவரே காவலரும் என்றால் காவல் இல்லை என்றே பொருள்.

கடைசியாக, பணம். சிறிய கல்லூரிகளால் இதெல்லாம் ஆகுமா, கெடுபிடி கூடினால் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச முகாம்கள்தானே முதலில் நிற்கும் என்ற கேள்வி எனக்கும் உறுத்துகிறது. நான் சொன்னவற்றில் பெரும்பகுதிக்குக் காசு வேண்டாம். சாவிப் பதிவேட்டுக்கும், திறந்த கதவுக்கும், பிள்ளையை மாலையில் யார் அழைத்துப்போகலாம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவதற்கும் என்ன செலவு? ஆட்கள்தான் செலவு. இரவு தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரை உள்ள 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 15 வயது முதல் 10 பேருக்கு ஒருவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். நம்மால் அது முடியாது என்றால் எண்ணிக்கையைக் குறைப்போம். 200 பிள்ளைகளைச் சேர்த்து, குழுப் படம் எடுத்து, செய்திக் குறிப்பில் எண்ணிக்கையைப் போடுவதைவிட 60 பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது நல்ல முகாம். மிச்சம் 140 பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த வாரங்களில் முகாம் நடத்தலாம்.

இவையெல்லாம் நடக்க ஒருவர் பெயர் வேண்டும். இன்று ஒரு வளாக முகாமுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், மைதானத்துக்கு உடற்கல்வித் துறை, அறைகளுக்கு விடுதி அலுவலகம், பணத்துக்கு நிதி அலுவலர், வாயிலுக்குப் பாதுகாப்பு ஒப்பந்ததாரர் என்று நான்கு பதில் வரும். அந்தப் பிள்ளைக்கு யார் என்பதற்குப் பதில் வராது. பதிவாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த கோடைக்கான முகாம் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், முகாம் நடத்துபவருக்கும் பயிற்சியாளருக்கும் கட்டுப்படாத ஒருவரைக் குழந்தைகள் பொறுப்பாளராக எழுத்துமூலம் நியமியுங்கள். முகாமை நிறுத்தும் அதிகாரத்தை அந்தக் கடிதத்திலேயே அவருக்குக் கொடுங்கள். மாஸ்டர் சாவியை அவரிடம் ஒப்படையுங்கள். அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098ஐயும், ஒவ்வொரு விடுதித் தளத்திலும் 10 வயதுப் பிள்ளை படிக்கும் உயரத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பெற்றோரே, பணம் கட்டுமுன் அந்தப் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.